360 டிகிரி சர்வோ மோட்டார் வாங்கப் போறீங்களா? காவலூர் தொலைநோக்கி சொல்லும் பாடத்தை முதல்ல கவனிங்க!

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒரு குட்டி ரோபோ வண்டி. இரண்டு சக்கரம், இரண்டு மோட்டார், ஒரு ஆர்டுயினோ போர்டு. வீடியோ பார்த்து எல்லாத்தையும் மாட்டியாச்சு. ஆனால், 'நில்' என்று கட்டளை கொடுத்தாலும் வண்டி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. 'நேராகப் போ' என்றால் ஒரு பக்கமாக இழுக்கிறது. புரோகிராமை எத்தனை முறை மாற்றினாலும் சரியாகவில்லை.

ரோபோ செய்யத் தொடங்கும் மாணவர்கள் பலரும் சந்திக்கும் சிக்கல் இது. பெரும்பாலும் இதற்குக் காரணம், 'கன்டினியூவஸ் ரொட்டேஷன் சர்வோ' எனப்படும் தொடர் சுழற்சி சர்வோ மோட்டார்தான். கடைகளில் இதை '360 டிகிரி சர்வோ' என்று கேட்டால் தருவார்கள்.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்குப் போய் வேறு மோட்டார் மாற்றிக்கொள்ளலாம். ஆனால், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் இருக்கும் ஒரு மாணவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. ஆன்லைனில் ஆர்டர் போட்டு, பார்சல் வரும்வரை காத்திருந்து, வந்தது சரியில்லை என்றால் போட்டி நாளே கடந்துவிடும். 6 முதல் 12-ம் வகுப்பு மாணவர்களுக்காக மத்திய அரசு தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் ஏற்கெனவே நாடு முழுவதும் இயங்குகின்றன. அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அதனால், இந்த மோட்டாரைக் கையில் எடுக்கப்போகும் மாணவர்களின் எண்ணிக்கையும் கூடப்போகிறது.

சரி, முதல் முறையிலேயே நம்பகமான மோட்டாரை எப்படித் தேர்ந்தெடுப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

சாதாரண சர்வோவுக்கும் 360 டிகிரி சர்வோவுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண சர்வோவுக்குள் நான்கு உறுப்புகள் இருக்கும். ஒரு சின்ன டி.சி. மோட்டார், வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் கியர்கள், ஒரு பொட்டன்ஷியோமீட்டர், ஒரு கட்டுப்பாட்டு சர்க்யூட். பொட்டன்ஷியோமீட்டர் என்றதும் பயப்பட வேண்டாம். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குள் இருக்குமே, அதேதான்.

சர்வோவின் தண்டு திரும்பும்போது இந்தப் பொட்டன்ஷியோமீட்டரும் கூடவே திரும்பும். 'இப்போ எந்தக் கோணத்தில் இருக்கிறேன்' என்ற தகவல் சர்க்யூட்டுக்குப் போகும். நீங்கள் கேட்ட கோணமும் இருக்கும் கோணமும் ஒன்றாகும் வரை மோட்டார் திரும்பும். ஒன்றானதும் நின்றுவிடும். இப்படித் தன் நிலையைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்வதற்குப் பெயர்தான் 'ஃபீட்பேக்'.

360 டிகிரி சர்வோவில் நடப்பது வேறு. பொட்டன்ஷியோமீட்டருக்கும் தண்டுக்கும் உள்ள தொடர்பைத் துண்டித்துவிடுவார்கள். அல்லது அதை எடுத்துவிட்டு இரண்டு சம அளவு ரெசிஸ்டர்களை வைத்துவிடுவார்கள். கியரில் இருக்கும் தடுப்பையும் நீக்கிவிடுவார்கள். விளைவு, 'நான் எப்போதும் நடுவில்தான் இருக்கிறேன்' என்று சர்க்யூட் நம்பிக்கொண்டே இருக்கும். வேறு கோணம் கேட்டால், அதை எட்டிப்பிடிக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருபோதும் எட்டாது.

அப்போ, 'சர்வோ' என்ற பெயருக்கே காரணமான ஃபீட்பேக் இதில் இல்லை! எவ்வளவு தூரம் சுற்றினோம், நிஜமாகவே நின்றுவிட்டோமா என்பது இந்த மோட்டாருக்குத் தெரியாது. இதை வாங்கும் முன் மனதில் பதிய வைக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

இதற்கும் காவலூருக்கும் என்ன சம்பந்தம்?

ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் இருக்கிறது வைணு பாப்பு வானியல் ஆய்வகம். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. இங்கு 1972-ல் 1 மீட்டர் அளவுள்ள ஜெய்ஸ் தொலைநோக்கி நிறுவப்பட்டது. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

தொலைநோக்கியை ஒரு விண்மீனை நோக்கித் திருப்பி வைத்தால் மட்டும் போதாது. பூமி சுழல்வதால் விண்மீன் நகர்ந்துகொண்டே இருப்பது போலத் தெரியும். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. அதே வேகத்தில், எதிர்த்திசையில், மோட்டார் தொலைநோக்கியை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் விண்மீன் ஒரு புள்ளியாகப் பதியாமல் கோடாக இழுபட்டுவிடும்.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் குறுக்கே வந்தது. யுரேனஸ் மறைப்பதற்கு முன்பே அந்த விண்மீனின் ஒளி விட்டு விட்டு மங்கியது. அதைப் பதிவு செய்த தொலைநோக்கிகளில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்ற கண்டுபிடிப்பு அப்படித்தான் வந்தது. விண்மீனை விடாமல் பின்தொடர்ந்ததால்தான் அந்த ஒளி மங்கலைப் பிடிக்க முடிந்தது.

தொலைநோக்கிகளில் மோட்டாரைச் சும்மா சுற்றவிட்டுவிட்டு யாரும் போய்விடுவதில்லை. வழிகாட்டி விண்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டே, அது விலகினால் உடனே திருத்துவார்கள். இப்போது கேமராவும் கணினியும் அந்த வேலையைச் செய்கின்றன. அந்தக் காலத்தில் வானியலாளரின் கண்ணே ஃபீட்பேக். சுற்றுவதை எந்த மோட்டாரும் செய்யும். சொன்ன வேகத்தில் சுற்றுகிறதா, சொன்னபோது நிற்கிறதா என்று சரிபார்ப்பதுதான் நம்பகத்தன்மை. உங்கள் 360 டிகிரி சர்வோ தன்னைத் தானே சரிபார்க்காது. அதனால் அந்த வேலையை வாங்கும்போதே நீங்கள் செய்ய வேண்டும்.

எதையெல்லாம் பார்த்து வாங்கணும்?

1. நிற்கும் புள்ளி: சர்வோவுக்கு 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு மின் பல்ஸ் போகும். அதன் நீளம் 1.5 மில்லி விநாடி, அதாவது 1,500 மைக்ரோ விநாடி என்றால் மோட்டார் நிற்க வேண்டும். கூடினால் ஒரு பக்கமும், குறைந்தால் மறுபக்கமும் சுற்றும். தயாரிப்பில் வரும் சின்னச் சின்ன வேறுபாடுகளால் இந்தப் புள்ளி மோட்டாருக்கு மோட்டார் லேசாக மாறும். வெப்பநிலை மாறினாலும் நகரலாம். மலையின் அதிகாலைக் குளிரில் சரிசெய்து வைத்தது, மதிய வெயிலில் மெல்ல ஊர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எனவே, வெளியிலிருந்து ஸ்க்ரூடிரைவரால் நிறுத்தப் புள்ளியைத் திருத்தும் வசதி உள்ள மாடலைத் தேர்ந்தெடுங்கள். மோட்டாரின் உடலில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதற்குள்தான் திருத்தும் திருகு இருக்கிறது.

2. முறுக்கு விசை: கடைக்காரர் மொழியில் 'டார்க்'. கிலோகிராம்-சென்டிமீட்டர் என்ற அளவில் சொல்வார்கள். 1 கிலோ-செ.மீ. என்றால், தண்டின் மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளித் தொங்கும் 1 கிலோ எடையைத் தாங்கும் விசை. ஆனால், விளம்பரத்தில் போடுவது மோட்டார் திணறி நிற்கும்போது கொடுக்கும் உச்ச விசை. தொடர்ந்து ஓடும் வண்டிக்கு அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் நம்பலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் எடை 1 கிலோ. சக்கரத்தின் ஆரம் 3 செ.மீ. 15 டிகிரி சரிவில் ஏற வேண்டும். சரிவு பின்னோக்கி இழுக்கும் விசை சுமார் 0.26 கிலோ. அதை 3-ஆல் பெருக்கினால் 0.78. இரண்டு மோட்டாருக்கும் பிரித்தால் ஆளுக்கு 0.39 கிலோ-செ.மீ. உராய்வு தனி. அப்படியென்றால், குறைந்தது 1.5 கிலோ-செ.மீ. உச்ச விசை உள்ள மோட்டார் தேவை. சமதளத்தில் மட்டும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இதைவிடக் குறைவே போதும்.

3. வேகம்: 6 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 100 முறை சுற்றினால், வண்டி விநாடிக்கு சுமார் 31 செ.மீ. போகும். கோட்டைப் பின்தொடரும் ரோபோவுக்கு இது தாராளம். அதிக வேகம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் முறுக்கு விசை குறையும். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

4. இரண்டு மோட்டாரின் ஒற்றுமை: வண்டியில் இரண்டு மோட்டாரும் எதிரெதிராக மாட்டப்படும். அதனால், முன்னோக்கிப் போக ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றொன்று இடஞ்சுழியாகவும் சுற்ற வேண்டும். வேகத்தில் வெறும் 5 சதவீதம் வித்தியாசம் இருந்தாலே போதும். சக்கரங்களுக்கு இடையே 12 செ.மீ. உள்ள வண்டி, 1 மீட்டர் போவதற்குள் சுமார் 24 டிகிரி திரும்பிவிடும்! எனவே, ஒரே கடையில், ஒரே மாடலில், ஒரே நேரத்தில் வாங்குங்கள். முடிந்தால் மூன்றாக வாங்கி, ஒத்துப்போகும் இரண்டை மாட்டிக்கொண்டு, ஒன்றை உதிரியாக வையுங்கள்.

5. கியர்: பிளாஸ்டிக் கியர் சத்தம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் வண்டி எங்காவது முட்டினால் பல் உடையும். மெட்டல் கியர் அடி தாங்கும், எடை கொஞ்சம் கூடும். ஓடும்போது சக்கரத்தைக் கையால் பிடித்து வலுக்கட்டாயமாகத் திருப்பும் பழக்கம் மட்டும் வேண்டாம். கியரைச் சீக்கிரம் பாழாக்கும் வேலை அது.

6. பேரிங்: சக்கரத்தின் எடை முழுவதும் தண்டின் மேல்தான் விழும். அதனால், தண்டைத் தாங்க பால் பேரிங் உள்ள மாடல் நீண்ட நாள் உழைக்கும். சின்ன, விலை குறைந்த மாடல்களில் பிளாஸ்டிக் அல்லது உலோகப் புஷ் மட்டுமே இருக்கும். கண்காட்சிக்கு அது போதும். தினமும் ஓடும் வண்டிக்குப் போதாது.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்!

எஸ்.ஜி.90 என்ற நீல நிற 9 கிராம் சர்வோவைப் பார்க்காத ரோபோ மாணவர் இருக்க மாட்டார். ஆனால், அது அடிப்படையில் 180 டிகிரி மட்டுமே திரும்பும் மோட்டார். அதே பெயரில், அதே தோற்றத்தில் '360 டிகிரி' வகையும் விற்பனைக்கு வருகிறது. பெட்டியில் மாறி வந்தாலும் வெளியே பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். எம்.ஜி.996ஆர் என்ற பெரிய மெட்டல் கியர் மோட்டாருக்கும் இதே கதைதான்.

இவற்றின் பெயரில் நகல்களும் ஏராளம். ஆகவே, பெயரை மட்டும் பார்க்காமல், தொடர் சுழற்சிக்காகவே வடிவமைக்கப்பட்ட மாடலா என்று பாருங்கள். சிறிய வண்டிகளுக்கு ஃபீடெக் நிறுவனத்தின் எஃப்.எஸ்.90ஆர் ஓர் உதாரணம். 9 கிராம் எடைதான். கொஞ்சம் பெரிய வண்டிகளுக்கு அதே நிறுவனத்தின் எஃப்.எஸ்.5103ஆர், பேரலாக்ஸ் நிறுவனத்தின் தொடர் சுழற்சி சர்வோ போன்றவை உள்ளன. வாங்கும் பக்கத்தில் தொழில்நுட்ப விவரத் தாள் இருக்கிறதா, அதில் எத்தனை வோல்ட்டில் எவ்வளவு வேகம், எவ்வளவு விசை என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். 'சூப்பர் பவர்' என்று மட்டும் எழுதியிருந்தால் யோசிக்கணும்.

மோட்டார் மேல் பழி போடும் முன்... பேட்டரியைப் பாருங்க!

'மோட்டார் துடிக்குது, போர்டு அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகுது' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் மின்சாரம்தான் இருக்கும். சாதாரண கணினி யு.எஸ்.பி. போர்ட் தருவது அரை ஆம்பியர் மட்டுமே. எம்.ஜி.996ஆர் போன்ற பெரிய சர்வோ திணறி நின்றால் 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். போர்டில் இருந்து அந்த மின்சாரத்தை எடுத்தால் வோல்ட்டேஜ் சரிந்து போர்டு அணைந்து மீண்டும் எழும்.

என்ன செய்யலாம்?

- சர்வோவுக்குத் தனி பேட்டரி கொடுங்கள். நான்கு பென்சில் செல் போட்டால் 6 வோல்ட், அதே அளவு ரீசார்ஜ் செல் போட்டால் 4.8 வோல்ட். இரண்டுமே பெரும்பாலான சின்ன சர்வோக்களுக்குப் பொருந்தும்.
- போர்டின் கிரவுண்டையும் பேட்டரியின் நெகட்டிவையும் கட்டாயம் இணைக்கணும். இல்லாவிட்டால் சிக்னல் போகாது.
- இரண்டு லித்தியம் செல்லைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட். முழு சார்ஜில் 8.4 வோல்ட் வரும். 6 வோல்ட் சர்வோவுக்கு இதை நேரடியாகக் கொடுத்தால் சர்க்யூட் கருகிவிடலாம். நடுவில் பக் கன்வெர்ட்டர் போடுங்கள்.
- சர்வோவின் மின் இணைப்புக்கு அருகில் 470 அல்லது 1,000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வைத்தால் வோல்ட்டேஜ் சட்டென்று சரியாது. பிளஸ், மைனஸ் மாறாமல் மாட்டுங்கள்.

பார்சல் வந்ததும் செய்ய வேண்டிய 4 சோதனைகள்

திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். சோல்டர் வைத்த பிறகு யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

நிறுத்தச் சோதனை: 1,500 மைக்ரோ விநாடி பல்ஸ் கொடுத்து 5 நிமிடம் பாருங்கள். தண்டில் ஒரு சின்ன டேப் ஒட்டினால் நகர்வது தெரியும். நகர்ந்தால் திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். சரிசெய்யவே முடியவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள்.

இருபக்கச் சோதனை: 1,600 மைக்ரோ விநாடியில் ஒரு நிமிடம், 1,400-ல் ஒரு நிமிடம். எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா மோட்டாருக்கும் செய்து, ஒரு மோட்டாரின் வலஞ்சுழி எண்ணிக்கை இன்னொன்றின் இடஞ்சுழி எண்ணிக்கையோடு நெருங்கும் ஜோடியை வண்டிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் சோதனை: 1 செ.மீ. ஆரமுள்ள உருளையைத் தண்டில் மாட்டி, நூல் கட்டி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்க வையுங்கள். தடுமாறாமல் தூக்கினால் 0.5 கிலோ-செ.மீ. விசை உறுதி. எடைக்கல், கருவி எதுவும் வேண்டாம்.

சூட்டுச் சோதனை: அரை மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பாருங்கள். லேசான சூடு சகஜம். கை வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் வாடை, கியர் கரகரப்பு இருந்தால் அந்த மோட்டார் வேண்டாம்.

எப்போது இந்த மோட்டாரே வேண்டாம்?

'சரியாக 40 செ.மீ. போய் நில்', 'சரியாக 90 டிகிரி திரும்பு' என்பது உங்கள் ரோபோவின் வேலை என்றால், ஃபீட்பேக் இல்லாத மோட்டார் சரிவராது. எத்தனை விலை கொடுத்தாலும் அந்தக் குறை தீராது. அதற்கு என்கோடர் பொருத்திய கியர் மோட்டார், ஸ்டெப்பர் மோட்டார், அல்லது கோணத்தைத் திருப்பிச் சொல்லும் ஃபீட்பேக் வகை 360 டிகிரி சர்வோ தேவை. பேரலாக்ஸ் நிறுவனத்தின் அந்த வகை மாடலில், காந்தப் புலத்தை உணரும் ஹால் சென்சார் தண்டின் கோணத்தைச் சொல்லும்.

காவலூரைப் பார்த்து ஆசைப்பட்டு, கேமராவை விண்மீனோடு சேர்த்துத் திருப்பும் கருவி செய்ய நினைப்பவர்களும் உண்டு. நல்ல முயற்சி. ஆனால், நிமிடத்துக்கு 100 சுற்று ஓடும் மோட்டாரை, ஏறக்குறைய 1,436 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று குறைக்க, 1,43,600 மடங்கு வேகக் குறைப்பு தேவை! வேகமும் சீராக இருக்காது. அந்த வேலைக்கு ஸ்டெப்பர் மோட்டாரே சரி.

மறுபக்கம், கோட்டைப் பின்தொடரும் வண்டி, தடையைப் பார்த்துத் திரும்பும் வண்டி போன்றவற்றுக்கு 360 டிகிரி சர்வோ அருமையான தேர்வு. காரணம், அங்கே சென்சார்தான் ஃபீட்பேக். கோட்டை விட்டு விலகினால் சென்சார் பார்த்துச் சொல்லிவிடும். தனி டிரைவர் போர்டும் தேவையில்லை. மூன்றே ஒயர்தான்.

ஏற்கெனவே வாங்கிட்டேன், வண்டி நிற்க மாட்டேங்குது... என்ன செய்ய?

தூக்கிப் போட வேண்டாம். முதலில் புரோகிராமில் ஒரு இடத்தைப் பாருங்கள். ஆர்டுயினோவின் சர்வோ லைப்ரரியில் '90' என்று எழுதினால் மோட்டார் நிற்கும் என்று பல வீடியோக்களில் சொல்வார்கள். ஆனால், அந்த லைப்ரரியின் இயல்பான அமைப்பில் 90 என்பது 1,472 மைக்ரோ விநாடி. 1,500 அல்ல! அந்த 28 மைக்ரோ விநாடி வித்தியாசமே சில மோட்டார்களை மெல்ல ஊர வைக்கும். கோணத்துக்குப் பதிலாக மைக்ரோ விநாடியை நேரடியாகக் கொடுக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

அப்போதும் நகர்ந்தால், 1,500-க்கு மேலும் கீழும் 5, 5-ஆக மாற்றி, எந்த எண்ணில் நிற்கத் தொடங்குகிறது, எந்த எண்ணில் மறுபக்கம் சுற்றத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள எண்தான் அந்த மோட்டாரின் நிறுத்தப் புள்ளி. ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியாக எடுத்து, ஒரு துண்டு டேப்பில் எழுதி மோட்டார் மேலேயே ஒட்டிவிடுங்கள். வண்டி நீண்ட நேரம் நிற்க வேண்டும் என்றால் 'டிடாச்' கட்டளை கொடுத்து பல்ஸையே நிறுத்திவிடலாம். பெரும்பாலான அனலாக் சர்வோக்கள் பல்ஸ் இல்லாவிட்டால் நின்றுவிடும்.

ஒரு பக்கம் இழுக்கும் வண்டிக்கும் இதே வழிதான். அதிக வேகத்தில் ஓடும் மோட்டாரின் எண்ணை நிறுத்தப் புள்ளியை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். தரையில் 2 மீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, வண்டி அதன் மேல் போகும்வரை மாற்றிப் பாருங்கள். போட்டி நாளன்று காலையில், புது பேட்டரி போட்ட பிறகு, இந்தச் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள். பேட்டரி மாறினால் வேகமும் மாறும்.